பாம்பன் பாலத்தைக் கடந்தவர்கள்

புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு முன் இரண்டு வருஷத்துக்கு மேல், அதாவது 2022 டிசம்பரிலிருந்து, ராமேஸ்வரம் போகும் ரயில்கள் எல்லாம் பாலத்தைக் கடக்காமல் இந்தக் கரையோடு நின்றுகொண்டிருந்தன. பாலம் திறந்ததும் நம் ஊரில் பலருக்கும் ராமேஸ்வரம் ஆசை வந்துவிட்டது. காலையில் கிரிவலப் பாதையில் நடக்க வரும் நண்பர்கள் மலையைப் பார்த்து நடந்துகொண்டே கடலைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். ஆகஸ்டில் ஏழு பேர் கிளம்பினோம். நான், என் மனைவி, மகன், மருமகள், பேரன், பேத்தி, அப்புறம் எங்கள் அண்ணி. அண்ணன் காலமாகி ஒரு வருஷம் முடிந்திருந்தது. அவருக்குப் பிள்ளை இல்லை. அக்னி தீர்த்தத்தில் அவருக்கு நான்தான் திதி கொடுக்க வேண்டும் என்பது அண்ணியின் விருப்பம்.

இதைப் பயணக் கட்டுரையாக எழுதத்தான் நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோது பாதையின் கதைதான் முன்னால் வந்து நின்றது. பார்க்க அழகாக இருக்கிறது என்று நாம் டிக்கெட் எடுத்துப் போகிற மலை ரயிலும் கடல் ரயிலும் நாம் பார்த்து ரசிப்பதற்காகப் போட்டவை அல்ல. ஊட்டி ரயில் தோட்டக்காரர்களுக்கும் கோடை வாசத்துக்குப் போன அதிகாரிகளுக்கும் உதவியாக வந்தது. பாம்பன் பாலம் இலங்கை வியாபாரத்துக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து நாம் பார்க்கும் காட்சி, வேறு யாரோ வேறு காரணத்துக்குப் போன வழி. அந்த யாரோ சில சமயம் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

முதலில் நம் ஊர்ப் பாதையைச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி வழியாகப் போகும் ரயில் பாதை 1890-களின் தொடக்கத்தில் வந்தது. தென்னிந்திய ரயில்வே போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. அது எவ்வளவு புதியதாக இருந்தது என்பதற்கு நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சாட்சி உண்டு. 1896 ஆகஸ்ட் 29-ஆம் தேதி மதுரையிலிருந்து கிளம்பிய வேங்கடராமன் என்ற பையன், பிற்காலத்தில் ரமண மகரிஷி, பழைய அட்லஸ் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். அதில் திருவண்ணாமலைக்கு ரயில் இல்லை. பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று கணக்குப் போட்டு 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் எடுத்தார். வண்டியில் இருந்த ஒரு மௌல்விதான், விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் இருக்கிறது என்று சொன்னார். பையில் காசு இல்லாததால் மாம்பழப்பட்டு வரை மட்டும் ரயிலில் வந்து, பிறகு நடந்து, கடைசியில் திருக்கோவிலூரிலிருந்து மறுபடி ரயிலேறி செப்டம்பர் 1-ஆம் தேதி நம் ஸ்டேஷனில் இறங்கினார்.

இந்தக் கதையை நாம் பக்தியோடுதான் கேட்டிருக்கிறோம். ரயில் கதையாகவும் கேட்கலாம். பாதை வந்து சில வருஷம் ஆகியும் அட்லஸில் ஏறாத ஒரு கிளைப் பாதை அது. ஆனால் அந்தக் கிளை வந்ததால்தான் செங்கம், போளூர் பக்கத்துக் குடியானவர்கள் விழுப்புரம் போய், அங்கிருந்து தெற்கே எங்கு வேண்டுமானாலும் போக முடிந்தது. தெற்கே போனால் மதுரை, அதற்கும் அப்பால் கடல், அதற்கும் அப்பால் இலங்கை.

நான் முதன்முதலில் ராமேஸ்வரம் போனது 1970-இல். எனக்குப் பதினைந்து வயது. அம்மாவும் ஆயாவும் அண்ணனும் நானும். கரி எஞ்சின் காலம். தண்டரை ஸ்டேஷன் தாண்டும் வரை பின்னால் திரும்பிப் பார்த்தால் மலை தெரியும். ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தாள். தலையை வெளியே நீட்டினால் கண்ணில் கரித்தூள் விழும். நீட்டாமல் இருக்கவும் முடியாது. கூஜாவில் தண்ணீர், புளிசோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. விழுப்புரத்தில் மாறி, தென்பெண்ணை, கொள்ளிடம், காவிரி என்று ஒவ்வொரு ஆறாகக் கடந்து போனோம். ஒவ்வொரு பாலத்திலும் ஆயா ஒரு காசைத் தண்ணீரில் போட்டாள். பாம்பன் வந்தபோது போடக் காசு இல்லை. "சமுத்திரத்துக்கு நம்ம காசு எதுக்குடா" என்று சொல்லிக் கும்பிட்டுக்கொண்டாள்.

இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு ராமேஸ்வரத்துக்கு ரோடு கிடையாது. இப்போது பஸ்ஸும் காரும் போகிற சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. அதுவரை ராமேஸ்வரம் போக வேண்டுமென்றால் ரயில்தான். ரயில் பாலமும் இல்லாத காலத்தில் படகு. மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-இல் ரயில் வந்துவிட்டது. அதன் பின்னும் பன்னிரண்டு வருஷம் மண்டபத்தில் இறங்கி, படகேறி, பாம்பனில் கரையேறித்தான் யாத்திரிகர்கள் போனார்கள்.

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில் கப்பல் போவதற்காகத் திறக்கும் பகுதிக்கு, அதை வடிவமைத்த அமெரிக்க எஞ்சினியரின் பெயரால் ஷெர்சர் தூக்கு என்று பெயர். இரண்டு பக்கத்து இரும்புக் கைகளும் மேல் நோக்கிப் பிரிந்து எழும். இதற்கு மின்சாரம் கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள், மூடுவார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தது. இப்போது வந்திருக்கும் புதிய பாலத்தில் சுமார் 72 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகிறது. மோட்டார்தான் தூக்குகிறது.

இவ்வளவு செலவு செய்து கடலில் பாலம் போட்டது ராமநாத சுவாமி தரிசனத்துக்காக அல்ல. அதற்கு முன் சென்னையிலிருந்து கொழும்பு போக வேண்டுமென்றால், ரயிலில் தூத்துக்குடி போய், அங்கிருந்து கப்பலில் வெகுதூரம் போக வேண்டும். பாம்பன் பாலம் வந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை போனது. எதிரே தலைமன்னார். நடுவில் முப்பது கிலோமீட்டர் சொச்சம் கடல். எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் கடந்து, தலைமன்னாரில் காத்திருக்கும் ரயிலில் ஏறினால் கொழும்பு. இதுதான் போட் மெயில். எழும்பூர் ராமேஸ்வரம் வண்டியைப் பழைய ஆட்கள் இன்றும் அந்தப் பெயரில்தான் சொல்கிறார்கள். அந்தக் கப்பல்களில் இர்வின், கோஷன் என்ற இரண்டு பெயர்கள் நம் தாத்தாக்களின் காலத்தில் பிரபலம்.

போட் மெயிலில் வியாபாரிகளும் வக்கீல்களும் போனார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகப் போனவர்கள் தோட்டக் கூலிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் தோணியில் மன்னாரில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியாக நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிறகு காப்பிச் செடியில் நோய் வந்து, காப்பி போய்த் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும். ஊர் ஊராகக் கங்காணி வந்து முன்பணம் கொடுத்து, குடும்பம் குடும்பமாகக் கூட்டிப்போனான். எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்று நம்பர் அடித்த தகர வில்லை ஒன்று அவர்கள் கையில் இருக்கும். மண்டபத்தில் இலங்கை அரசாங்கமே ஒரு முகாம் நடத்தியது. இந்திய மண்ணில் அவர்கள் நடத்திய முகாம். நோய் இல்லை என்று தெரியும் வரை அங்கே வைத்திருந்துதான் கப்பலேற்றுவார்கள். இன்றும் ரயிலில் போனால் மண்டபத்துக்கு முன்னால் மண்டபம் கேம்ப் என்று ஒரு ஸ்டேஷன் வரும். கேம்ப் என்பது அந்தக் கேம்ப்தான்.

எங்கள் அண்ணியின் தாத்தா அப்படிப் போனவர். திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமம். 1920-களில் மழை பொய்த்த ஒரு வருஷம், கங்காணியோடு விழுப்புரம் போய் ரயிலேறினார். ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் குடியேறினார். அண்ணியின் அப்பா அங்கே பிறந்தார். அண்ணியும் அங்கேதான் பிறந்தார்.

1964-க்கு வருவோம். அந்த வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. அந்த மீதியை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை மனுப் போட்டுத் தீர்மானித்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று ஆனதும் உண்டு.

ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் வந்தது. நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் வண்டி நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோடு கடலில் போனது. ஒருவரும் மிஞ்சவில்லை. தனுஷ்கோடி ஊரே போனது. ஸ்டேஷன், தபாலாபீஸ், சர்ச், கஸ்டம்ஸ் எல்லாம் போயின. பாம்பன் பாலத்தின் இரும்பு கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. ஷெர்சர் தூக்கு மட்டும் நின்றது. ஐந்து லட்சம் பேரைக் கொண்டுவர வேண்டிய வழி, கையெழுத்தின் மை காய்வதற்குள் அறுந்துபோனது.

பாலத்தைச் சரிசெய்ய ஆறு மாதம் என்று முதலில் கெடு வைத்தார்கள். பிறகு மூன்று மாதம் என்றார்கள். வேலை ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினியரிடம் வந்தது. பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டில்லி மெட்ரோவும் அமைத்த அதே ஸ்ரீதரன். விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்து தேடி எடுத்து மறுபடி தூக்கி வைத்து, 46 நாளில் முடித்தார். ஆனால் தனுஷ்கோடிப் பாதையை மறுபடி போடவே இல்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது.

அண்ணியின் குடும்பம் 1977-இல் வந்தது. அப்போது அவருக்கு 21 வயது. மூத்த அக்காவுக்கு ஏற்கெனவே அங்கே கல்யாணம் ஆகியிருந்தது. அக்கா புருஷன் வீட்டுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்திருந்தது. அண்ணியின் அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட். ஹட்டன் ஸ்டேஷனில் அக்கா பிளாட்பாரத்தில் நின்றார், இவர்கள் வண்டியில் இருந்தார்கள். மலையகத்தில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். தலைமன்னாருக்குப் போன அந்த வண்டிகளுக்கு ஜனங்களே வைத்த பெயர் அழுகைக் கோச்சி. வண்டி கிளம்பும்போது உள்ளே இருப்பவர்களும் வெளியே நிற்பவர்களும் போடும் சத்தத்தில் விசில்கூடக் கேட்காது என்று அண்ணி ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறார்.

தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல். ராமேஸ்வரத்தில் இறங்கி, மறுபடி ரயிலில் பாம்பன் பாலம் கடந்து மண்டபம் முகாம். தாத்தா போகும்போது தங்கிய அதே மண்டபம். அங்கிருந்து சிலரை நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-இல் தமிழக அரசு அங்கே தேயிலைத் தோட்டங்கள் தொடங்கியிருந்தது. சிலர் பூர்வீக ஊரைச் சொல்லி டிக்கெட் வாங்கினார்கள். அண்ணியின் அப்பா திருக்கோவிலூர் என்றார். வந்து பார்த்தால் நிலமும் இல்லை, அடையாளம் தெரிந்தவர்களும் இல்லை. திருவண்ணாமலையில் ஒரு அரிசி மண்டியில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். அந்த மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் என் அண்ணன். 1979-இல் கல்யாணம்.

நாற்பத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் அண்ணன் எத்தனையோ முறை ராமேஸ்வரம் கூப்பிட்டிருக்கிறார். அண்ணி ஒரு சாக்குச் சொல்லித் தட்டிவிடுவார். காசி போய்வந்தார், திருப்பதி பல முறை போய்வந்தார், ராமேஸ்வரம் மட்டும் இல்லை. இந்த முறை அவரே கேட்டார்.

நம் பாதை இப்போது மீட்டர் கேஜ் இல்லை. அகலப் பாதையாகி, மின்சாரமும் வந்துவிட்டது. சாயங்காலம் விழுப்புரம் போய், அங்கே ராமேஸ்வரம் வண்டி மாறினோம். இரவு முழுக்கத் தூக்கம். விடிந்தபோது பனைமரமும் கருவேலமுமாக ராமநாதபுரத்துச் சீமை. மண்டபம் கேம்ப் போர்டைப் பார்த்ததும் அண்ணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலத்தில் ஏறியதும் பெட்டியே எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் வந்துவிட்டது. எல்லார் கையிலும் செல்போன். ஒரு பக்கம் பச்சையாகக் கடல், இன்னொரு பக்கம் துருப்பிடித்து நிற்கும் பழைய பாலம், அதற்கு அப்பால் உயரத்தில் சாலைப் பாலம், கீழே மீன்பிடிப் படகுகள். பேரன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். பேத்தி அண்ணியின் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"பெரிய ஆயா, நீங்க வந்தப்பவும் கடல் இப்படித்தான் இருந்துச்சா?"

"நான் கடலைப் பாக்கலடி கண்ணு. தகரப் பொட்டிய பாத்துக்கிட்டே வந்தேன். எங்க பாஸ்போர்ட்டு, கார்டு எல்லாம் அதுலதான் இருந்துச்சு. பொட்டி போனா நாங்க யாருன்னு யாரு சொல்றது?"

பேத்திக்குப் புரிந்ததா தெரியாது. ஆனால் பேரன் போனை இறக்கிவிட்டு அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அக்னி தீர்த்தத்தில் திதி. ஐயர் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று சொல்லி முடித்தேன். பின்னால் நின்ற அண்ணி மெதுவாகச் சொன்னார்: "தம்பி, எங்க அக்கா பேரையும் சேத்துக்கச் சொல்லுங்க." அந்த அக்கா 2011-இல் ஹட்டனில் இறந்த செய்தி போனில்தான் வந்தது. 1977-க்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. கப்பல் 1984-ஓடு நின்றுபோனது, அங்கே சண்டை, இங்கே வசதியில்லை. ஐயர் மறு பேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார். எள்ளும் தண்ணீரும் விட்டேன்.

மறுநாள் அரிச்சல்முனை. 2017-இல் அதுவரைக்கும் ரோடு போட்டுவிட்டார்கள். வழியில் தனுஷ்கோடி ஸ்டேஷனின் இடிந்த சுவர்களும் சர்ச்சும் மணலில் நிற்கின்றன. சுற்றுலா வந்தவர்கள் அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தலைமன்னார் எந்தப் பக்கம் என்று அண்ணி கேட்டார். மகன் போனில் பார்த்துக் கையைக் காட்டினான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, போலாம்" என்றார்.

ஊர் திரும்பிய பிறகு மகன் இன்னொன்றைக் காட்டினான். கண்டியிலிருந்து நானுஓயா, எல்ல வழியாகப் பதுளை போகும் மலை ரயில், உலகத்திலேயே அழகான ரயில் பயணங்களில் ஒன்று என்று வெளிநாட்டுக்காரர்கள் முன்பதிவு செய்து போகிறார்களாம். கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். பின்னால் எங்கு பார்த்தாலும் தேயிலை. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867-இல் காப்பி மூட்டை இறக்கப் போட்ட பாதை அது. தேயிலை வந்தபின் 1885-இல் நானுஓயா, 1924-இல் பதுளை என்று நீண்டது. ஹட்டன் ஸ்டேஷன் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. வீடியோவில் அந்தப் பெயர்ப்பலகை ஓடிப்போனபோது அண்ணி நிறுத்தச் சொன்னார். மறுபடி ஓட்டச் சொன்னார். பிளாட்பாரத்தில் எந்தத் தூண் பக்கம் அக்கா நின்றார் என்று பேரனுக்குக் காட்டினார்.

அழகான பாதையில் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போங்கள், பேரப்பிள்ளைகளை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். கூடவே இதையும் சொல்லிக் கொடுங்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் தாயகம் திரும்பியவர்களின் குடும்பங்கள் உண்டு, பிறகு 1983 கலவரத்துக்கு அப்புறம் படகில் வந்தவர்கள் இருக்கும் முகாம்களும் உண்டு. அந்தப் பாலத்தை அப்படிக் கடந்தவர்களில் பெரியவர்களாக வந்தவர்கள் இன்று பெரும்பாலும் இல்லை. அன்று பிள்ளைகளாகவும் இளவட்டமாகவும் வந்தவர்களுக்கே அறுபது எழுபது வயது ஆகிவிட்டது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கலாம். எந்த வருஷம் வந்தார், எந்தத் தோட்டம், எந்தக் கப்பல், யாரை விட்டுவிட்டு வந்தார் என்று கேளுங்கள். பாஸ்போர்ட்டோ கார்டோ வைத்திருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அண்ணியின் தகரப் பெட்டியில் இருந்த காகிதங்களை இப்போது என் பேரன் ஒரு கவரில் போட்டு, மேலே 1977 என்று எழுதி, தன் அலமாரியில் வைத்திருக்கிறான்.